ஓ பாசிட்டிவ் என்று நான் நிரப்பிய கட்டம்

கார்த்தி, இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் இசக்கியின் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் பின்பக்கத்தைப் படித்ததுதான். எழுந்ததும் என்று சொல்வதே சரியில்லை. நீங்கள் இருவரும் ஸ்கேனுக்காகச் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. நீ வண்டிச் சாவியைத் தேடியது, இசக்கி பாட்டிலில் தண்ணீர் பிடித்தது எல்லாம் காதில் விழுந்தது. பிறகு அவள் என் கட்டில் பக்கம் வந்து குனிந்து, "அத்த, போயிட்டு வாரோம்" என்றாள். நான் தூங்குகிறவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். "அத்த அசந்து தூங்குதாவ, எழுப்ப வேண்டாம்" என்று அவள் உன்னிடம் கிசுகிசுத்ததும் கேட்டது. வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் எழுந்தேன். வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற மருமகளின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உன் அப்பா பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி, காலங்காத்தால கார்டை வச்சிகினு ஜோசியம் பாக்குற?" என்றார். நான் அட்டையை மறுபடி திருப்பினேன். "டீ கெடைக்குமா, இல்ல அந்தக் கார்டைத்தான் கரைச்சிக் குடிக்கணுமா?" என்று முனகிக்கொண்டே போனார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் வேறு யார் கண்ணில் பட்டாலும் மறைக்கப் போவதில்லை. இது இசக்கியின் கழுத்தில் மட்டும் தொங்கிய விஷயமில்லை.

அந்த அட்டையின் முன்பக்கத்தில் நெற்றியில் விபூதியோடு, கொஞ்சம் பயந்த முகமாக அவள் படம் இருக்கிறது. பின்பக்கத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணாக சங்கரன்கோவிலில் இருக்கும் அவள் அப்பாவின் எண். அதற்குக் கீழே ரத்த வகை என்ற கட்டத்தில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது. அது பொய். அந்தப் பொய்யை அங்கே வைத்தது நான். சில வாரங்களாக இந்த வீட்டில் அதற்காக இசக்கி திட்டு வாங்குகிறாள், நீ திட்டுகிறாய், நான் உங்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அவள் இந்தப் பிள்ளைக்காகப் பெயர் பதிந்தபோது ரத்தம் எடுத்தார்கள். ஓ நெகட்டிவ் என்று வந்தது. "இல்ல டாக்டர், எனக்கு ஓ பாசிட்டிவ்லா, கம்பெனி கார்டுல போட்டிருக்கு" என்று அவள்தான் மறுத்தாள். அந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "கார்டுக்கு ரத்தம் ஓடுதாம்மா? உனக்குத்தான ஓடுது" என்று சொல்லி மறுபடியும் எடுக்கச் சொன்னார். மறுபடியும் நெகட்டிவ். சிரிப்பு போய்விட்டது. உன்னுடையது என்ன என்று கேட்டார். ஆண்டுதோறும் ரத்ததான முகாமில் வரிசையில் முதலில் நிற்கிறவன் நீ, உடனே சொன்னாய், பி பாசிட்டிவ். அடுத்து அவர் கேட்டதுதான், இப்போது இந்த வீட்டில் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருக்கும் கேள்வி. "மொதல்ல ஒண்ணு கலைஞ்சதுன்னீங்களே, அப்ப ஊசி போட்டாங்களா?"

"என்ன ஊசி?" என்றாய் நீ. அவர் பொறுமையாகச் சொன்னார். நான் அவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாயின் ரத்தம் நெகட்டிவாக இருந்து வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால், பிரசவத்தின்போதோ கரு கலையும்போதோ குழந்தையின் ரத்தம் துளியளவு தாயின் உடம்பில் கலந்துவிடும். தாயின் உடம்பு அதை வேற்று ஆளாக நினைத்து, எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும். கற்றுக்கொண்டதை மறக்கவும் மறக்காது. அந்த முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளை பாசிட்டிவாக வந்தால், தாயின் உடம்பே அதன் ரத்தத்தை அழிக்கத் தொடங்கிவிடும். பிள்ளைக்கு ரத்தம் குறையும், உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், சில சமயம் தங்காமலே போகும். இவ்வளவும் நடக்காமல் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது. ஏழாம் மாதத்தில் ஒன்று, பிறந்ததும் மூன்று நாளுக்குள் ஒன்று. கலைந்துபோனாலும் அந்த மூன்று நாளுக்குள் போட்டுவிட வேண்டும். உடம்பு கற்றுக்கொள்வதற்கு முன் போட்டால்தான் பலன். கற்றுக்கொண்ட பிறகு எத்தனை போட்டாலும் தண்ணீருக்குச் சமம். இசக்கியின் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டதா என்று பார்க்க இன்னொரு சோதனை எழுதிக் கொடுத்தார். கற்றுக்கொண்டுவிட்டது என்று பதில் வந்தது.

"இப்ப அளவு கம்மியாத்தான் இருக்கு, பயப்படாதீங்க, ஆனா விட்டுடக் கூடாது" என்றார் டாக்டரம்மா. அதனால்தான் இந்தச் சென்னைப் பயணங்கள். குழந்தையின் தலைக்கு ஓடும் ரத்தத்தின் வேகத்தை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேகம் கூடினால் பிள்ளைக்கு ரத்தம் குறைகிறது என்று பொருள். அப்போது வயிற்றுக்குள்ளேயே, தொப்புள் கொடி வழியாக, பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அப்படிக் காப்பாற்றிய பிள்ளைகள் நிறைய உண்டு என்றும் சொன்னார். நீ அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு வயிற்றுக்குள்ளேயே என்ற சொல்தான் காதில் நின்றது.

அன்று மாலை சாப்பிடும்போது நீ ஆரம்பித்தாய். "உன் பிளட் குரூப் என்னான்னு கூடத் தெரியாம இத்தினி வருஷம் கார்டு மாட்டிகினு சுத்தினு இருந்தியா?" இசக்கி தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுல அப்படித்தான் போட்டிருந்துச்சு. நாஞ் சேரும்போது தப்பா சொல்லிட்டேனோ என்னமோ. ஞாபகமே இல்லைங்க" என்றாள். "ஞாபகம் இல்லியா? ஒரு புள்ள உசுரு இது" என்று நீ கத்தினாய். அவள் அம்மா ஊரிலிருந்து போனில் அழுதபோதும் அவள் அதையேதான் சொன்னாள், "எந் தப்புதாம்மா, நாந்தான் சரியா சொல்லல போல." இதை மூன்றாம் நான்காம் தடவை சொல்லும்போது அவளே நம்பத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். அவள் "கொஞ்சமா, அத்த" என்று தட்டை நீட்டினாள்.

அவள் தப்பாகச் சொல்லவில்லை கார்த்தி. சரியாகச் சொன்னாள். எனக்கு நினைவிருக்கிறது.

நான் டைம் ஆபீசில் இருக்கிறவள். தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆள் வந்தது, போனது, ஷிப்ட், உன் அப்பா ஓட்டுவது போன்ற கம்பெனி பஸ்களின் ரூட், அடையாள அட்டை, எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். காஞ்சிபுரத்தில் பி.காம். படித்துவிட்டு, கல்யாணமாகி நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரகடத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்த காலத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்து சுத்தமாக இருக்கும், எதையும் பாக்கி வைக்க மாட்டேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு வந்த சூப்பர்வைசர் ஒருவர், "உங்க அம்மா பைல்ல ஒரு காலி கட்டம் காட்டுனா நான் வேலையை விட்டுடறேன் தம்பி" என்று சொன்னபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதையும் நீ பார்த்தாய்.

இசக்கி வந்த கூட்டம் தென்காசிப் பக்கத்திலிருந்து காண்டிராக்டர் கூட்டி வந்த பயிற்சிப் பெண்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, பையை ஹாஸ்டலில் போட்டுவிட்டு, தூக்கக் கண்ணோடு என் மேசை முன் வரிசையில் நின்றார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு தாள் வைத்திருந்தார்கள். உயரம், எடை, கண் பார்வை எல்லாம் இருந்தது, ரத்த வகை இல்லை. நான் ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. இசக்கியிடம் கேட்டபோது, "தெரியலயே மேடம். செவப்பா இருக்கும், அம்புட்டுதான் தெரியும்" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இவள் வாய்க்காரிதான் என்று அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பின்னாளில் நீ சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் பார்த்த பெண் என்று ஒரு படத்தைக் காட்டி மென்று முழுங்கியபோது, ஜாதகமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதற்குப் பின்னால் அந்தச் சிரிப்புதான் இருந்தது. ஆனால் அவள் என்ன சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. தெரியாது என்று சொன்னாள்.

அந்த வாரம், எங்களிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய கம்பெனியின் ஆடிட் இருந்தது. லைனில் நிற்கிற எவர் கார்டையும் திருப்பிப் பார்ப்பார்கள், ரத்த வகை காலியாக இருந்தால் பாதுகாப்பில் குறை என்று எழுதிவிடுவார்கள். சேப்டி ஆபீசர் வந்து, "முக்காவாசிப் பேருக்கு ஓ பாசிட்டிவ்தான் மேடம் இருக்கும். இப்போதைக்குப் போட்டுடுங்க. டெஸ்ட் கேம்ப் வெச்சதும் மாத்திக்கலாம்" என்றார். இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன், ஏனென்றால் அவர் மேல் பழியைத் தள்ளுவது போல இருக்கிறது. அவர் சொன்னார், உண்மை. சொன்னது ஒரு நிமிடப் பேச்சு. தெரியாது என்று சொன்ன ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேராகவும் ஓ பாசிட்டிவ் என்று உட்கார்ந்து அடித்த விரல்கள் என்னுடையவை. கட்டங்கள் நிரம்ப நிரம்ப எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடிட்டில் எங்கள் பகுதிக்குக் குறை எதுவும் வரவில்லை. கேம்ப் வரவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை.

இது வரைக்கும் சொன்னதை ஒரு அலுவலகத் தவறு என்று நீ எடுத்துக்கொள்ளக்கூடும். நீ நல்ல பிள்ளை, அம்மாவுக்காகச் சாக்கு தேடுவாய். அதனால்தான் அடுத்ததைச் சொல்லியாக வேண்டும்.

முதல் கரு கலைந்தபோது நீ புனேயில் பயிற்சியில் இருந்தாய். மூன்றாம் மாதம், யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. காலை ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இசக்கியை ஓய்வறையிலிருந்து இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக என்னிடம் கூட்டி வந்தார்கள். ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அங்கே தெரிந்த முகங்கள் இருக்கும், வரிசையில் நிற்க வேண்டும், எனக்கு நேரமில்லை. அன்றும் ஓர் ஆடிட், கார்த்தி. மதியத்துக்குள் நான் என் மேசையில் இருந்தாக வேண்டும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முழுதும் கலையவில்லை, சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். நர்ஸ் வந்து, "பிளட் குரூப் பாக்கணும். லேப் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க, வெய்ட் பண்றீங்களா?" என்று கேட்டாள். இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அட்டை அவள் கழுத்திலேயே கிடந்தது. நான் அதைத் திருப்பிக் காட்டினேன். "கார்டுல இருக்குது பாருங்க" என்றேன்.

நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். "கார்டை நம்பலாமா மேடம்?"

"நான் அந்தக் கம்பெனி டைம் ஆபீஸ்தான்மா. கார்டு போடறதே நான்தான்."

"அப்ப சரி. பாசிட்டிவ்னா ஒண்ணும் இல்ல. நெகட்டிவ்னாதான் ஒரு ஊசி போடணும்" என்று எழுதிக்கொண்டே போய்விட்டாள்.

அந்த நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது. முழுதாக வந்தது என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் போகும்போது அடுப்பை அணைத்தோமா என்று ஒரு கணம் தோன்றி மறையுமே, அப்படி. அந்தக் கூட்டத்துக் கார்டுகள், செவப்பா இருக்கும் மேடம், கேம்ப் வெச்சதும் மாத்திக்கலாம், எல்லாம் ஒரு சேரத் தலைகாட்டிவிட்டுப் போனது. எழுந்து போய் நர்ஸிடம், அது சோதித்துப் போட்டதில்லை, லேப் திறக்கட்டும் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கார்டு போடறதே நான்தான் என்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம். முக்கால்வாசிப் பேருக்கு ஓ பாசிட்டிவ்தான் என்று சேப்டி ஆபீசர் குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு கைகொடுத்தது. உட்கார்ந்திருந்தேன். மதியம் என் மேசையில் இருந்தேன். மாலையில் அவளுக்குக் கறிக்குழம்பு வைத்துக் கொடுத்தேன். இசக்கி சாப்பிட்டாள். மூன்று நாள் அவகாசம் இருந்தது, நான் ஒரு நாளைக்கூடப் பயன்படுத்தவில்லை.

நீ புனேயிலிருந்து போன் செய்து அழுதாய். "நீ இல்லன்னா இன்னா ஆயிருக்கும்மா. நீ கூடவே இருந்து பாத்துகினதால எனக்கு நிம்மதி" என்றாய். அந்த வார்த்தையை நான் ரொம்ப நாள் உள்ளுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். மகன் நன்றி சொன்ன மாமியார் என்று என்னைப் பற்றி எனக்கே பெருமை. இப்போது அதே வார்த்தை இருமலைப் போல நினைத்த நேரத்தில் வருகிறது.

அம்மாக்கள் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லி எழுதுவார்கள். எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது. ஆனால் நான் உனக்கு ஏற்கெனவே கொடுத்த அறிவுரை ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ மெயின்டனன்ஸில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் முகம் வாடி வந்தாய். மெஷின் ஏன் நின்றது என்று மேனேஜர் கேட்டபோது தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டாய், எல்லார் முன்னாலும் அவர் உன்னைக் கிழித்துவிட்டார். அன்று நான் சொன்னேன், "தெரியலன்னு மட்டும் வாயில வரக் கூடாதுடா. எதையாவது சொல்லு, அப்புறம் போய்ப் பாத்துக்கலாம்." நீ அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறியும் விட்டாய். அந்தப் புத்தி என்னிடம் வெகுகாலமாக இருந்தது. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது உனக்கு வயது கொஞ்சம் குறைந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார், நான் கூசாமல் ஒரு மே மாதத் தேதியைச் சொன்னேன். ஐப்பசியில் பிறந்தவனுக்கு இன்றும் கம்பெனியில் மே மாதம் கேக் வெட்டுகிறார்கள். வெயிலில் கிரீம் உருகி ஒழுகும் படத்தை அனுப்பி, "அம்மா, உன் புண்ணியத்தில் ரெண்டாவது பர்த்டே" என்று ஒவ்வொரு வருடமும் கிண்டல் செய்கிறாய். நாம் சிரிக்கிறோம். காலிக் கட்டம் என்றால் எதையாவது போட்டு நிரப்பிவிட வேண்டும், நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். யாருக்கும் எந்தக் கெடுதலும் வராத ஒரு பொய்யில்.

தெரியாதபோது தெரியாது என்று சொல். மேனேஜர் கிழிக்கட்டும். தெரியாது என்று ஒருவர் சொன்னால்தான் இன்னொருவர் போய்ப் பார்ப்பார். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் நர்ஸ் லேப் திறக்கும்வரை காத்திருந்திருப்பாள். இசக்கிக்கு ஊசி போட்டிருப்பார்கள். இன்று நீங்கள் இருவரும் விடியும் முன் எழுந்து போயிருக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது, ஏனென்றால் இது பழைய கதையில்லை, போன வாரம் நடந்தது. அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கூட்டத்தின் பைலைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். இசக்கியின் பெயருக்கு நேராக இருந்த ஓ பாசிட்டிவை அழித்தேன். அவ்வளவு காலம் ஒரு காலி கட்டத்தைப் பொறுக்காதவள், அன்று ஒரு கட்டத்தைக் காலியாக்கிவிட்டு, யாராவது கேட்டால் விட்டுப்போயிருக்கும் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பெயருக்கு மேலும் கீழும் மற்றப் பெண்களின் பெயர்கள். எல்லாருக்கும் ஓ பாசிட்டிவ், ஓ பாசிட்டிவ், ஓ பாசிட்டிவ். என் பார்வை அந்தப் பத்தியில் கீழே இறங்கிக்கொண்டே போனது. அப்போதுதான், அத்தனை நாளில் முதல் முறையாக, நான் என் வீட்டைத் தாண்டி யோசித்தேன்.

அந்தப் பெண்களில் கொஞ்சம் பேர் இன்னும் எங்கள் லைனில் இருக்கிறார்கள். நிறையப் பேர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள், கல்யாணம் ஆகியிருக்கும். வேலையை விட்டுப் போகும்போது கார்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுவோம். ஆனால் கார்டில் படித்தது மனசில் தங்கிவிடும். யார் கேட்டாலும் இசக்கியைப் போலவே, எனக்கு ஓ பாசிட்டிவ்லா என்று சொல்வார்கள். பிரசவத்துக்கென்று பெயர் பதிந்தால் எப்படியும் சோதித்துவிடுவார்கள். எனக்குப் பயம் அதற்கு முன்னால் நடக்கிறவற்றை நினைத்துத்தான். யாருக்கும் சொல்லாத மூன்றாம் மாதத்தில், அவசரத்தில், ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், என்னைப் போல ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அத்தனை பேரில் நெகட்டிவ் ரத்தக்காரி இசக்கி ஒருத்தி மட்டும்தான் என்று யார் சொன்னார்கள்? எனக்குத் தெரியாது. இந்தச் சொல்லை எழுதிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் அழித்த கட்டத்தில் திரும்பப் போய் ஓ நெகட்டிவ் என்று அடித்தேன். என் வாழ்நாளில் அந்தப் பைலில் நான் எழுதிய முதல் உண்மையான ரத்த வகை அதுதான்.

நீங்கள் மாலை வந்துவிடுவீர்கள். பிள்ளையின் தலையில் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு வருவீர்கள். நல்ல செய்தியாக இருந்தால் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றும், கெட்ட செய்தியாக இருந்தால் இப்போது வேண்டாம் என்று தோன்றும். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் செய்தி வருவதற்கு முன்பே எழுதி முடிக்கிறேன். முதலில் இசக்கியிடம் வாயால் சொல்வேன். அவள் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகு. அதற்குப் பிறகு இந்தத் தாள்களை உன்னிடம் கொடுப்பேன். அவளிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், அன்று தட்டைப் பார்த்துக்கொண்டு அவள் கேட்ட ஒவ்வொரு வார்த்தைக்கும். என்னிடம் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பேசாமல் இருந்தாலும் சரி. அவள் என்னை அத்தை என்று கூப்பிடாவிட்டாலும் சரி. ஆனால் சென்னைக்குப் போகும் நாட்களில் நீ லீவு போட முடியாவிட்டால், கூடப் போக என்னை அனுமதியுங்கள். இனி எந்த நர்ஸ் எதைக் கேட்டாலும் நான் அட்டையைக் காட்ட மாட்டேன்.

இன்னொன்று முடிவு செய்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜரிடம் கேட்கவில்லை, கேட்டால் முதலில் ஒரு மீட்டிங் வைக்கலாம் என்பார், பிறகு ஆடிட் முடியட்டும் என்பார், நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன். வேலை போனாலும் போகும். இன்று மதியத்திலிருந்து, ஊருக்குப் போய்விட்ட பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் செய்யப்போகிறேன். எண் மாறியிருந்தால் தோழிகளிடம் கேட்டு வாங்குவேன். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் கம்பெனி வாசல் கேட்டுக்குப் போய், கார்டு தேய்க்கும் இடத்தில், எல்லாரும் கடந்துபோக வேண்டிய அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்பேன். பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து பெண்கள் இறங்குவார்கள். உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள், அதில் இருக்கும் ரத்த வகையை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள், அதை யாரும் சோதித்துப் போடவில்லை, நான்தான் போட்டேன் என்று சொல்வேன். அடுப்படியில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கடைசி வார்த்தையில் குரல் உள்ளே போய்விடுகிறது. இன்னும் பழக வேண்டும். அடுத்த வாரம் உன் அப்பாவுக்குக் காலை ஷிப்ட் ட்ரிப். முதலில் உள்ளே வரும் பஸ்ஸை ஓட்டி வருவது அவர்தான். அவர் இஞ்சினை அணைக்கும் வரை காத்திருந்துதான் ஆரம்பிப்பேன், அவர் காதிலும் விழட்டும்.